வெளியே வந்த பிறகு ஐந்து ஆண்டு: சந்தேகங்களும் விளக்கங்களும்

குவீன்ஸ்டவுனுக்குச் சிறை புதிதல்ல. 1966 முதல் நாற்பது ஆண்டுகளுக்கு மேல் ஜாலான் பெஞ்சாராவில் குவீன்ஸ்டவுன் தடுப்புக்காவல் சிறை இருந்தது. பிறகு கைதிகள் எல்லோரும் சாங்கிக்கு மாற்றப்பட்டார்கள்; 2010 வாக்கில் கட்டடமும் இடிக்கப்பட்டது. சிறை போனதே தவிர, சிறைக்குப் போய் வந்தவர்கள் போகவில்லை. மெய் லிங், ஸ்டெர்லிங் ரோடு, டாசன், காமன்வெல்த் என்று எல்லா இடத்திலும் நம்மோடு லிஃப்டில் ஏறி இறங்குகிறார்கள்.

அவர்களைப் பற்றிக் காப்பிக்கடையிலும் கோயில் வாசலிலும் வசிப்போர் குழுக் கூட்டத்திலும் அடிக்கடி காதில் விழும் சந்தேகங்களை இங்கே எடுத்துக்கொள்கிறோம். பெரும்பாலான கேள்விகள் விடுதலையாகும் நாளையே சுற்றி வருகின்றன. சிக்கல் அங்கே இருப்பதைவிட மூன்றாம் ஆண்டில்தான் அதிகம் என்பது இந்தக் கட்டுரையாளரின் கருத்து. ஏன் என்பது பதில்களின் போக்கில் விளங்கும்.

எங்கள் புளோக்கில் ஒருவர் சாங்கியிலிருந்து வந்திருக்கிறாராம். அக்கம்பக்கத்தாருக்கு முன்கூட்டியே சொல்ல வேண்டாமா?

சொல்ல மாட்டார்கள். குற்றவாளிகள் பதிவேடு காவல்துறையிடம் இருக்கிறது. பொதுமக்கள் புரட்டிப் பார்க்கும்படியான பட்டியல் எதுவும் சிங்கப்பூரில் இல்லை. தண்டனையை நீதிமன்றம் கொடுத்தாயிற்று, அவரும் அனுபவித்தாயிற்று. அதற்கு மேல் புளோக்குக்குப் புளோக் அறிவித்து இன்னொரு தண்டனை கொடுப்பது சட்டத்தின் நோக்கமல்ல.

உங்களுக்குச் சொல்லவில்லை என்பதற்காக அவரை யாரும் கவனிக்கவில்லை என்று நினைக்க வேண்டாம். 2014 ஜூலையிலிருந்து நடைமுறையில் இருக்கும் ஏற்பாட்டின்படி, ஒரு கைதி பொதுவாகத் தண்டனையில் மூன்றில் இரண்டு பங்கை உள்ளே கழித்த பிறகு வெளியே வருகிறார். மிச்சமுள்ள ஒரு பங்கு தள்ளுபடி ஆகிவிடுவதில்லை. அது நிபந்தனையாகத் தலைமேல் தொங்குகிறது. அந்தக் காலத்துக்குள் புதுக் குற்றம் செய்து தண்டனை பெற்றால், புதுத் தண்டனையோடு பழைய பாக்கியையும் நீதிமன்றம் சேர்க்கலாம்.

மறுபடி தவறக்கூடும் என்று சிறைத்துறை கருதுகிறவர்கள், அதே ஆண்டில் தொடங்கிய கட்டாயப் பின்பராமரிப்புத் திட்டத்தின் கீழ் வருகிறார்கள். முதலில் மறுவாழ்வு இல்லம், அடுத்து வீட்டிலிருந்தபடி கண்காணிப்பு, கடைசியில் சமூகத்தோடு சேரும் கட்டம் என்று இரண்டு ஆண்டு வரை அது நீளலாம். இடையில் காலில் மின்னணு டேக் இருக்கும், இரவு ஊரடங்கு நேரம் இருக்கும், ஆலோசகரைப் பார்க்க வேண்டிய நாள் இருக்கும். நீங்கள் கொரிடோரில் பார்க்கும் ஆள் இரவு உணவுக்குப் பிறகு கீழே இறங்கவே அனுமதியில்லாதவராக இருக்கலாம்.

என்னதான் சொன்னாலும், திரும்பவும் உள்ளே போகிறவர்கள்தானே அதிகம்?

இல்லை. ஆனால் இந்தக் கேள்விக்கு ஒரே எண்ணைக் காட்டி வாயடைப்பதும் சரியாகாது.

சிறைத்துறை ஆண்டுதோறும் வெளியிடும் முக்கியமான எண், இரண்டு ஆண்டுக் கணக்கு. அதாவது, ஓர் ஆண்டில் விடுதலையானவர்களில் எத்தனை பேர் அடுத்த இரண்டு ஆண்டுக்குள் புதிய குற்றத்துக்காகத் திரும்பவும் தண்டிக்கப்பட்டார்கள் அல்லது தடுத்து வைக்கப்பட்டார்கள் என்ற கணக்கு. 1998இல் விடுதலையானவர்களிடையே அது 44.4 விழுக்காடு. அண்மை ஆண்டுகளில் ஏறத்தாழ 20 விழுக்காடு, அதாவது ஐந்தில் ஒருவர். உலக அளவில் வைத்துப் பார்த்தாலும் இது குறைவான எண்தான். இரண்டாயிரமாம் ஆண்டில் அமைந்த கேர் நெட்வொர்க் கூட்டமைப்பு, 2004 அக்டோபரில் அதிபர் எஸ். ஆர். நாதன் தொடங்கிவைத்த மஞ்சள் ரிப்பன் திட்டம், உள்ளேயே படிப்பும் தொழிற்பயிற்சியும் என்று பல கைகள் சேர்ந்து இறக்கிய எண் அது. (நாதன் அரசாங்கப் பணியில் முதலில் சேர்ந்தது மருத்துவச் சமூக சேவையாளராக. ரிப்பனைக் குத்திக்கொண்டு படம் எடுத்துக்கொள்வதோடு நின்றுவிட்ட அதிபராக அவர் இல்லாததற்கு அந்தப் பழைய வேலையும் ஒரு காரணமாக இருக்கலாம்.)

இன்னொரு கணக்கும் இருக்கிறது. அதைப் பற்றி அவ்வளவாக யாரும் பேசுவதில்லை. ஐந்து ஆண்டுக் கணக்கில் பார்த்தால் அதே விகிதம் 40 விழுக்காட்டுக்கு அருகில் போய்விடுகிறது. சறுக்குகிறவர்களில் ஏறத்தாழப் பாதிப் பேர் முதல் இரண்டு ஆண்டைத் தாண்டிய பிறகே சறுக்குகிறார்கள் என்றுதான் இதற்குப் பொருள்.

இப்போது உதவிகள் எப்போது குவிகின்றன என்று பாருங்கள். கட்டாயப் பின்பராமரிப்பு அதிகபட்சம் இரண்டு ஆண்டு. முதலாளிக்குக் கிடைக்கும் சம்பள உதவித்தொகை வேலையில் சேர்ந்த முதல் ஒன்பது மாதத்துக்கு மட்டும். அதுவும் விடுதலையாகி மூன்று ஆண்டுக்குள் வேலைக்குச் சேர்ந்தவருக்கே. சிறு குற்றங்களின் பதிவு காலாவதி ஆவதற்கோ முழுதாக ஐந்து ஆண்டு ஆக வேண்டும். ஆக, மூன்றாம் ஆண்டில் டேக் கழன்றுவிடுகிறது, ஆலோசகர் அடுத்தவரைக் கவனிக்கப் போய்விடுகிறார், வீட்டாரும் "இனிமேல் சரியாகிவிட்டான்" என்று பேசத் தொடங்குகிறார்கள். பதிவு மட்டும் அப்படியே இருக்கிறது. வேலை போனாலும் அம்மா இறந்தாலும் பழைய கூட்டாளி வாட்ஸ்அப்பில் வந்து நின்றாலும், அந்த நேரத்தில் கூப்பிட ஆளில்லை.

இந்த இடைவெளி சிறைத்துறைக்கும் தெரியும். 2023இல் டிசிஸ்டர் நெட்வொர்க் என்ற அமைப்பை அது தொடங்கியதற்குக் காரணமும் இதுதான். குற்றத்தை விட்டு விலகி நிலைத்துவிட்டவர்கள், புதிதாக வெளியே வருகிறவர்களுக்குத் துணையாக நிற்பது அதன் அடிப்படை. நல்ல யோசனை. ஆனால் அதில் சேர்வது அவரவர் விருப்பம். உதவி அதிகம் தேவைப்படுகிறவர்தான் கூட்டத்துக்கு வர வெட்கப்படுகிறவர்.

போதைப்பொருளுக்காகப் போனவர்கள் தனிக் கணக்கா?

ஆம், தனிக் கணக்குத்தான். நம் குடும்பங்கள் பல இதை நேரடியாக அறிந்திருக்கின்றன. போதைப்பொருள் மறுவாழ்வு மையம், அதாவது டிஆர்சி, முடித்து வருகிறவருக்கு மத்திய போதைப்பொருள் ஒழிப்புப் பிரிவின் மேற்பார்வை இருக்கும். 2019இல் சட்டம் திருத்தப்பட்ட பிறகு அது ஐந்து ஆண்டு. அந்தக் காலம் முழுதும் குறித்த நாளில் போய் யூரின் டெஸ்ட் கொடுக்க வேண்டும், அல்லது முடி மாதிரி கொடுக்க வேண்டும். போகத் தவறினால் அதுவே தனிக் குற்றம். போதை எடுத்ததால் போகாமல் இருந்தாரா, லாரி தாமதமானதால் போகவில்லையா என்று அட்டவணை கேட்பதில்லை. காரணத்தை அவர்தான் எடுத்துச் சொல்லி நிரூபிக்க வேண்டும்.

ஷிப்ட் வேலை பார்க்கிறவருக்கு இது எத்தனை பெரிய இடைஞ்சல் என்பது அனுபவித்தவருக்குத்தான் தெரியும். மேற்பார்வையாளரிடம் "இன்றைக்குச் சீக்கிரம் போகணும்" என்று எத்தனை முறை கேட்க முடியும்? காரணம் சொன்னால் விஷயம் வெளியே வந்துவிடும். சொல்லாவிட்டால் சோம்பேறி என்று பெயர். வேலையை விட்டவர்கள் பலர் வேலை கடினம் என்று விட்டவர்கள் அல்லர்.

மேற்பார்வை ஐந்து ஆண்டு நீடிப்பதில் ஒரு நன்மையும் உண்டு: மூன்றாம் ஆண்டில் கயிறு அறுந்துவிடுவதில்லை. ஆனால் சோதனை வேறு, துணை வேறு. முன்னது மட்டும் ஐந்து ஆண்டு ஓடுகிறது.

வேலை விண்ணப்பத்தில் 'குற்றப் பதிவு உண்டா' என்று கேட்டால் என்ன எழுதுவது? 'இல்லை' என்று எழுதிவிடலாமா?

இதில்தான் குழப்பம் அதிகம். அதனால் சற்று நிறுத்தி விளக்க வேண்டும்.

2005இலிருந்து சிங்கப்பூர்ச் சட்டத்தில் பதிவு காலாவதியாகும் ஏற்பாடு ஒன்று இருக்கிறது. தண்டனை மூன்று மாதச் சிறைக்கு மேற்படாததாக இருக்க வேண்டும், அல்லது அபராதம் 2,000 வெள்ளிக்கு மேற்படாததாக இருக்க வேண்டும். பதிவேட்டில் அந்த ஒரு தண்டனைதான் இருக்க வேண்டும். முன்பே ஒரு பதிவு காலாவதியாகி இருக்கக் கூடாது. கடுமையான குற்றங்கள் என்று சட்டம் தனியே பட்டியலிட்டவற்றில் அது சேரக் கூடாது. இவை எல்லாம் பொருந்தி, வெளியே வந்த நாளிலிருந்து ஐந்து ஆண்டு எந்தக் குற்றமும் இல்லாமல் கழித்தால் பதிவு தானாகக் காலாவதி ஆகும். அப்படி ஆனவர், குற்றப் பதிவு உண்டா என்ற கேள்விக்கு "இல்லை" என்று எழுதலாம். அது பொய்யாகாது; சட்டமே அந்த உரிமையைக் கொடுக்கிறது.

இந்த வரம்புக்குள் வராதவருக்குத் தானாக எதுவும் அழியாது. போதைப் பழக்கத்துக்காகத் திரும்பத் திரும்ப உள்ளே போய், கடைசியில் ஐந்து முதல் ஏழு ஆண்டு வரையிலான நீண்டகாலத் தண்டனை பெற்ற ஒருவரை நினைத்துக்கொள்ளுங்கள். வெளியே வந்து பதினைந்து ஆண்டு நேராக வாழ்ந்தாலும் அவருடைய பதிவு தானாகக் காலாவதி ஆவதில்லை. தானாகத் தகுதி பெறாதவர்களில் சிலர் காவல்துறை ஆணையாளரிடம் விண்ணப்பிக்கலாம். அந்த வழி தமக்குப் பொருந்துமா என்பதைக் காவல்துறையிடமோ, புரோ போனோ எஸ்ஜி நடத்தும் இலவசச் சட்ட ஆலோசனை மையத்திலோ கேட்டறிவது நல்லது. சொந்தமாக முடிவு செய்துகொண்டு "இல்லை" என்று எழுதினால், பின்னால் தெரியவரும்போது பொய் சொன்னதற்காகவே வேலை போகும். பழைய குற்றம் அல்ல, புதுப் பொய்தான் காரணம் என்று முதலாளி சொல்லும்போது பதில் சொல்ல வாய் இருக்காது.

இன்னொன்று, பலருக்குத் தெரியாதது. குற்றமற்றவர் என்று காவல்துறை கொடுக்கும் சான்றிதழ் வெளிநாட்டுப் படிப்பு, வேலை, குடியேற்றம் போன்றவற்றுக்குத்தான். உள்ளூர் முதலாளி அதைக் கொண்டுவரச் சொன்னால் காவல்துறை தராது. எனவே சாதாரண முதலாளிக்கு உங்கள் பதிவைப் பார்க்க வழி கிடையாது. ஆனால் அவருக்கு கூகல் இருக்கிறது. பத்தாண்டுக்கு முந்தைய நீதிமன்றச் செய்தி ஒன்று முழுப் பெயர், வயதோடு அங்கே அப்படியே கிடக்கும். பதிவைச் சட்டம் காலாவதி ஆக்கிவிடுகிறது. செய்தியை யாரும் காலாவதி ஆக்குவதில்லை. நாளிதழில் எழுதுகிறவர்கள் நாங்களும் இதில் பங்காளிகள்தான் என்பதைச் சொல்லாமல் விட முடியவில்லை.

குற்றப் பதிவைக் காரணம் காட்டி வேலை மறுப்பது சட்டத்துக்குப் புறம்பானது அல்லவா?

அல்ல. 2025 ஜனவரியில் நாடாளுமன்றம் நிறைவேற்றிய வேலையிட நியாயச் சட்டம் வயது, இனம், சமயம், பாலினம், கர்ப்பம், உடற்குறை, மனநலம் என்று பல அடிப்படைகளில் பாகுபாட்டைத் தடுக்கிறது. குற்றப் பதிவு அந்தப் பட்டியலில் இல்லை. முன்னாள் கைதி என்பதற்காக ஒருவரை ஒதுக்கினால் அந்தச் சட்டத்தைக் காட்டி வழக்குப் போட முடியாது.

அரசாங்கச் சேவை தன்னளவில் ஒன்று செய்தது: வேலைக்கு விண்ணப்பிக்கும் முதல் படிவத்திலேயே குற்றப் பதிவைக் கேட்கும் கட்டத்தைச் சில ஆண்டுகளுக்கு முன் நீக்கியது. ஆளைப் பார்க்கும் முன்னே கட்டத்தைப் பார்த்து ஒதுக்கிவிடுவது இதனால் குறையும். தனியார் நிறுவனங்கள் அதைப் பின்பற்ற வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. பாதுகாவலர், டாக்சி மற்றும் தனியார் வாடகைக் கார் ஓட்டுநர் போன்ற உரிமம் தேவைப்படும் வேலைகளில் பின்னணி எப்படியும் பார்க்கப்படும். என்ன குற்றம், எவ்வளவு காலமாயிற்று என்பதைப் பொறுத்து உரிமம் கிடைக்கலாம், கிடைக்காமலும் போகலாம். பயிற்சிக்குப் பணம் கட்டும் முன் இதைக் கேட்டுவிடுங்கள்.

நான் சிறிய உணவுக்கடை நடத்துகிறேன். இப்படி ஒருவரை வேலைக்கு எடுத்தால் எனக்கு என்ன நன்மை, என்ன ஆபத்து?

நன்மையை முதலில் பணமாகவே சொல்லிவிடலாம். விடுதலையாகி மூன்று ஆண்டுக்குள் இருப்பவரை, மாதம் 4,000 வெள்ளிக்குக் குறைவான சம்பளத்தில் எடுத்தால், முதல் ஒன்பது மாதத்துக்குச் சம்பளத்தில் 20 விழுக்காட்டை அரசாங்கம் ஈடுசெய்கிறது. மாதத்துக்கு அதிகபட்சம் 600 வெள்ளி. இந்த ஏற்பாடு 2028 இறுதி வரை நீட்டிக்கப்பட்டிருக்கிறது. ஆள் தேட மஞ்சள் ரிப்பன் சிங்கப்பூரிடம் போகலாம். 1976இல் ஸ்கோர் என்ற பெயரில் தொடங்கி 2020இல் பெயர் மாறிய அரசாங்க அமைப்பு அது. கைதி உள்ளே இருக்கும்போதே முதலாளியோடு நேர்காணல் நடத்தி, வெளியே வரும்போது கையில் வேலையோடு வரச் செய்வது அதன் முக்கியப் பணி. சமையல் பயிற்சி உள்ளேயே நடப்பதால் உணவுத்துறைக்கு ஆள் கிடைப்பது எளிது. எய்ட்டீன் செஃப்ஸ் உணவகங்களைத் தொடங்கியவரே போதையிலிருந்து மீண்டவர்தான். முன்னாள் கைதிகளை வேலைக்கு எடுத்து அந்தத் தொழிலை அவர் வளர்த்ததை ஊரே அறியும்.

ஆபத்து? எல்லாப் புது ஊழியரிடமும் இருக்கும் ஆபத்துத்தான் பெரும்பாலும். ஏமாற்றுக் குற்றத்துக்குப் போனவரை முதல் மாதமே கல்லாவில் உட்கார வைக்க வேண்டியதில்லை, சமையற்கட்டில் வைக்கலாம். ஆனால் இரண்டு காரியத்தில் கவனம் வேண்டும். அவர் யூரின் டெஸ்டுக்கோ ஆலோசகரிடமோ போக வேண்டிய நாள்களை முதல் நாளே எழுதி வாங்கி, ஷிப்டை அதற்கேற்பப் போடுங்கள். இரண்டாவது, விஷயம் உங்களோடு நிற்கட்டும். கடையில் ஒரு பொருள் காணாமல் போனால் எல்லாக் கண்ணும் முதலில் யார் பக்கம் திரும்பும் என்று சொல்லத் தேவையில்லை.

ஒன்பது மாதம் முடிந்து உதவித்தொகை நின்ற பத்தாம் மாதத்தில் ஆளை நிறுத்திவிட்டு அடுத்தவரை எடுக்கலாமா என்று கேட்கும் முதலாளிகளும் இருக்கலாம். தடையில்லை. ஆனால் பத்து மாதம் பழகிய கையை விட்டுவிட்டுப் புதியவருக்குப் பிரட்டா போடக் கற்றுக்கொடுப்பதில் மிச்சம் எவ்வளவு என்று நீங்களே கணக்குப் போட்டுப் பாருங்கள்.

வெளியே வந்ததும் எங்கே தங்குவார்கள்? வீடு இருக்கும்தானே?

எல்லோருக்கும் இருக்காது. குவீன்ஸ்டவுனையே எடுத்துக்கொள்வோம். 2014இல் டாங்ளின் ஹால்ட் வட்டாரத்தின் 31 புளோக்குகள் மறுமேம்பாட்டுக்கு என்று அறிவிக்கப்பட்டன. அங்கிருந்தவர்கள் படிப்படியாக டாசன் பக்கம் புது வீடுகளுக்கு மாறினார்கள். அறிவிப்பின்போது உள்ளே போன ஒருவர் ஏழெட்டு ஆண்டு கழித்து வந்தால் வீட்டு எண் இல்லை, பக்கத்து வீட்டு ஆன்ட்டி இல்லை, கடன் சொல்லிச் சாப்பிட்ட கடையும் இல்லை. ஊரே இடம் மாறியிருக்கிறது. கைப்பேசி எண் காலாவதியாகி இருப்பதால் சிங்பாஸுக்குள் நுழைய முடியாது. சிங்பாஸ் இல்லாமல் வங்கி, மசேநிதி, வேலை விண்ணப்பம் எதுவும் நகராது. வெளியே வந்த முதல் வாரம் இப்படித்தான் வரிசையில் நின்றே கழியும்.

வீட்டார் ஏற்காவிட்டால் ஹாஃப்வே ஹவுஸ் எனப்படும் மறுவாழ்வு இல்லம். இந்து அறக்கட்டளை வாரியம் 1999இல் தொடங்கிய ஆசிரமம் நம்மவர்களுக்குத் தெரிந்த பெயர். 1987இலிருந்து இருக்கும் தி ஹெல்பிங் ஹேண்ட், ஹைபாயிண்ட், ஜாமியா நடத்தும் இல்லம் என்று வேறு சமய அமைப்புகளின் இல்லங்களும் உண்டு. 2019இல் சிறைத்துறையே செலராங்கில் ஓர் இல்லத்தைத் திறந்தது. ஆனால் இவை எல்லாம் தற்காலிகம். அதற்குப் பிறகு வீவக வாடகை வீடு என்றால், ஒண்டிக்கட்டைக்குப் பொதுவாக 35 வயது ஆகியிருக்க வேண்டும். இன்னொருவரோடு பகிர்ந்து தங்க வேண்டும். 28 வயதில் வெளியே வந்து, அப்பா கதவைத் திறக்காதவருக்கு அப்பா வீடும் இல்லை, வாடகை வீடும் இல்லை. பழைய கூட்டாளி ஒருவன் "என் ரூமில் தங்கிக்கொள்" என்று சொல்லும்போது அவர் மறுப்பது எவ்வளவு கடினம் என்று யோசித்துப் பாருங்கள். நிபந்தனைப்படி அந்தக் கூட்டாளியோடு பழகக் கூடாதவராகவும் அவர் இருக்கக்கூடும்.

குடும்பம் ஏற்றுக்கொண்டால் போதும், மற்றது தானாகச் சரியாகும் என்கிறார்களே?

குடும்பமே சரியாகாமல்தான் பல வீடுகளில் நிற்கிறது. கணவன் உள்ளே இருந்த ஆண்டுகளில் மனைவி தனியாக வாடகை கட்டினாள், பிள்ளையின் பள்ளிக்கூடத்துக்கு ஓடினாள், மாமியாரின் ஏச்சையும் வாங்கினாள். பிள்ளைகளிடம் அப்பா வெளிநாட்டில் வேலை பார்க்கிறார் என்று சொல்லி வைத்திருப்பாள். திரும்பி வந்தவர் முதல் நாளே வீட்டுத் தலைவராக உட்கார நினைக்கிறார். பத்து வயதுப் பெண் அவரை 'அங்கிள்' என்று கூப்பிடாத குறை. சொந்தக்காரர் கல்யாணப் பத்திரிகை வீட்டுக்கு வருகிறது. கொடுத்தவர் வாசலிலேயே குரலைத் தாழ்த்தி, "நீங்க மட்டும் வந்தா போதும்" என்று சொல்லிவிட்டுப் போகிறார். சொன்னவருக்கு அது ஒரு நொடி. கேட்டவர் வருஷக்கணக்கில் மறக்க மாட்டார்.

இதற்கு உதவி கிடைக்கும் இடங்கள் உண்டு. பீட்டி ரோட்டில் இருக்கும் சிண்டா இந்தியக் குடும்பங்களுக்கு ஆலோசனையும் பிள்ளைகளுக்குத் துணைப்பாடமும் கொடுக்கிறது. 1956இல் தொடங்கிய சிங்கப்பூர்ப் பின்பராமரிப்புச் சங்கம் லிட்டில் இந்தியாவின் டன்லப் ஸ்திரீட்டில் நெடுங்காலம் இயங்கியது. போதைப் பழக்கத்துக்கு சானா, முன்னாள் கைதிகளின் பிள்ளைகள் படிப்புக்கு இஸ்காஸ். 2010இலிருந்து அடித்தளத் தொண்டூழியர்கள் கைதியின் வீட்டுக்கே போய் என்ன தேவை என்று விசாரிக்கும் மஞ்சள் ரிப்பன் சமூகத் திட்டமும் இருக்கிறது. அவர் உள்ளே இருக்கும்போதே இவற்றை நாட வேண்டும் என்பது முக்கியம். வெளியே வந்த பிறகு சண்டையின் நடுவில் தொலைபேசி எண் தேடுவது வீண்.

படிக்க விரும்புகிறவர்களுக்கு ஒரு செய்தி. காலஞ்சென்ற வழக்கறிஞர் சுபாஷ் ஆனந்தன் பெயரில் மஞ்சள் ரிப்பன் நிதி ஒரு கல்வி உதவித்தொகை வழங்குகிறது. 1976இல் விசாரணையின்றிப் பல மாதம் தடுத்து வைக்கப்பட்டு, பின் விடுவிக்கப்பட்டு, மறுபடி நீதிமன்றத்துக்குப் போய் நாற்பதாண்டுக்கு அருகில் மற்றவர்களுக்காக வாதாடியவர் அவர். சிறையில் பத்தாண்டு கழித்தபின் சிங்கப்பூர்த் தேசியப் பல்கலைக்கழகத்தில் சட்டம் படித்து வழக்கறிஞரானவரும் இதே ஊரில் இருக்கிறார்.

லிட்டில் இந்தியாவில் பார்க்கும் ஒர்க் பெர்மிட் தொழிலாளர்களுக்கும் இதெல்லாம் உண்டா?

கிடையாது. தண்டனை முடிந்ததும் அவர்கள் திருப்பி அனுப்பப்படுகிறார்கள். மறுபடி வர அனுமதி இருக்காது. 2013 டிசம்பர் லிட்டில் இந்தியா கலவரத்துக்குப் பிறகு, தண்டனை பெறாத 57 பேரும்கூடத் திருப்பி அனுப்பப்பட்டது நினைவிருக்கும். மஞ்சள் ரிப்பன் சாங்கி விமான நிலையத்தோடு முடிந்துவிடுகிறது. ஊரில் இறங்கியவருக்கு ஏஜெண்டுக்குக் கொடுத்த கடன் அப்படியே இருக்கும்.

ஓட்டுப் போடலாமா?

போடலாம். வாக்காளர் பட்டியலில் பெயர் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ள வேண்டும். தேர்தலில் நிற்பதற்குத்தான் தடை: ஓராண்டோ அதற்கு மேலோ சிறைத் தண்டனை பெற்றவர் விடுதலையாகி ஐந்து ஆண்டு வரை நாடாளுமன்றத்துக்குப் போட்டியிட முடியாது.

என் தம்பி வெளியே வந்து மூன்று ஆண்டாகிறது. அண்மையில் ஒருவர், வங்கிக் கணக்கையும் சிங்பாஸையும் சில நாளைக்குக் கொடுத்தால் மாதம் சில நூறு வெள்ளி தருவதாகச் சொல்கிறாராம். தம்பிக்குப் பழைய கடன் வேறு இருக்கிறது. இது சட்டப்படி சரியா?

சரியில்லை. முன்னாள் கைதிகளைத் தேடிப் பிடிக்கும் வலை இதுதான். மோசடிக் கும்பலுக்குப் பணம் கைமாற உள்ளூர்க் கணக்கு வேண்டும். கடன்முதலைக்குப் பாக்கி வைத்திருப்பவரும் வேலை பறிபோனவரும் அவர்களுக்கு எளிய இரை. 2023இல் திருத்தப்பட்ட சட்டங்களின்படி சிங்பாஸ் விவரத்தைப் பிறருக்குக் கொடுப்பதே குற்றமாகலாம். 2025 முதல் சிம் அட்டையைத் தவறான காரியத்துக்குக் கைமாற்றுவதும் குற்றம். "எதற்கு என்று தெரியாது" என்ற பதில் எடுபடாது. விசாரிக்காமல் கொடுத்ததே தவறு என்பதுதான் சட்டத்தின் பார்வை. தம்பி இன்னும் நிபந்தனைக் காலத்தில் இருந்தால் பழைய தண்டனையின் மிச்சமும் திரும்பி வரலாம்.

தம்பி ஏற்கெனவே கொடுத்துவிட்டிருந்தால், இன்றைக்கே வங்கிக்குத் தொலைபேசி செய்து கணக்கை முடக்கச் சொல்லுங்கள். சிங்பாஸ் கடவுச்சொல்லை மாற்றச் சொல்லுங்கள். காவல்துறையில் புகார் கொடுக்க நீங்களும் கூடவே போங்கள். தனியாக அனுப்ப வேண்டாம். ஒருமுறை உள்ளே போய் வந்தவர் காவல் நிலையப் படியேற எவ்வளவு தயங்குவார் என்பது உங்களுக்குத் தெரியும். கடனுக்கு உங்கள் வட்டாரத்துச் சமூக சேவை அலுவலகத்தில் காம்கேர் உதவி கேட்கலாம். கடன்முதலையின் பாக்கியை அந்த உதவி அடைக்காது; ஆனால் சாப்பாட்டுக்கும் வாடகைக்கும் கை கொடுக்கும். அதைக் கேட்பதற்கு விடுதலையாகி இத்தனை ஆண்டுக்குள் வர வேண்டும் என்ற கெடு எதுவும் இல்லை.